வலிக்க வலிக்க நீவினால்தான் குணமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"நல்லா அமுக்கிப் புடிச்சாத்தான் சுளுக்கு எடுபடும்." சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையிலும் இதே பேச்சுதான், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலும் இதே பேச்சுதான். வலியை வலிதான் விரட்டும் என்று நம்பி, நீவிக்கொள்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்கிறார். அவர் முகம் சுளிப்பதைப் பார்த்து, கை சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்று நீவுபவரும் இன்னும் கொஞ்சம் அழுத்துகிறார். இந்த நம்பிக்கையால் உடம்புக்கு வரும் கேட்டை எடுத்துச் சொல்லவே இந்தக் கடிதம். பிசியோ என்று மக்கள் சொல்லும் இயன்முறை மருத்துவத்தில் கைவைத்துச் செய்யும் மென்திசுச் சிகிச்சைக்கு இடம், திசை, ஆழம், நேரம் என்று நான்கு கணக்குகள் உண்டு. நான்கில் ஒன்று பிசகினாலும், எவ்வளவு பலமான கையாக இருந்தாலும் பயனில்லை.

தோல், அதற்கடியில் கொழுப்பு, தசையைப் போர்த்தியிருக்கும் உறை, தசை, தசையை எலும்போடு கட்டும் தசைநாண், எலும்பையும் எலும்பையும் இணைக்கும் நார். இவற்றைத்தான் மென்திசு என்கிறோம். ஒவ்வொன்றுக்கும் கை வேறு. எண்ணெய் தடவி மேலும் கீழும் தேய்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாகிவிடும் என்பது, வீட்டுக் கதவுகள் அத்தனைக்கும் ஒரே சாவி போதும் என்பதைப் போன்றது.

இந்தக் கலை நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் தொக்கணம், அதாவது உடம்பைப் பிடித்து நீவும் சிகிச்சை, ஒன்பது வகையாகப் பிரித்துச் சொல்லப்பட்டிருக்கிறது. மேற்கில் ஹாலந்து மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர் 19-ஆம் நூற்றாண்டில் நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்று வகைப்படுத்தி வைத்தார். 1894-இல் லண்டனில் நான்கு செவிலியர் சேர்ந்து, மசாஜ் பயின்ற பெண்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். தகுதியில்லாதவர்கள் மசாஜ் என்ற பெயரில் செய்தவற்றால் கெட்டுப்போன தொழிலின் பெயரைக் காப்பதே அவர்கள் நோக்கம். இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கம் அதிலிருந்து வளர்ந்ததுதான். நூற்று முப்பது ஆண்டுக்கு முன் அவர்களுக்கு இருந்த அதே கவலைதான் இன்று நமக்கும்.

முதலில் தயாரிப்பு. நகம் வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், கடிகாரம், கயிறு எல்லாம் கழற்றி, கையை வெந்நீரில் கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த கை பட்டால் தசை தானாகவே இறுகும். ஏற்காட்டில் மார்கழி மாதம் இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. படுக்கையின் உயரம், நிற்பவர் கையைத் தொங்கவிட்டு மடக்கிய முட்டி அதைத் தொடும் அளவில் இருந்தால் போதும். அதைவிடத் தாழ்ந்தால் நீவுபவர் இடுப்பு போகும், உயர்ந்தால் தோள் போகும். முதுகு முழுவதற்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய், அதாவது ஐந்து மில்லி, போதும். கை வழுக்கும் அளவுக்கு எண்ணெய் ஊற்றிவிட்டால் தசையைப் பிடிக்க முடியாது. பிடி கிடைக்காதபோதுதான் விரல் நுனியால் நோண்டத் தொடங்குகிறார்கள். நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா, தைலமா என்ற சண்டை இங்கே பெரிதல்ல, எண்ணெயின் வேலை வழுக்க வைப்பது மட்டுமே. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: காரம் ஏறும் வலித் தைலம் பூசிய இடத்தில் வெந்நீர்ப் பையோ மின்சார ஒத்தட உறையோ வைத்தால் தோல் வெந்து கொப்பளிக்கும்.

நீவுதல் எப்போதும் கைகால் நுனியிலிருந்து இதயத்தை நோக்கிப் போக வேண்டும், ரத்தநாளங்களின் வால்வுகள் அந்தப் பக்கம்தான் திறக்கும். ஆடுசதையை எடுத்துக்கொள்வோம். ஆள் குப்புறப் படுத்து, கணுக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து, முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் நீட்டி விறைத்திருந்தால் ஆடுசதை இழுபட்டே இருக்கும், கைக்கு இளகாது. குதிகாலுக்கு மேலே இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதித்து, மெதுவாக, ஒரு முழு மூச்சு விடும் நேரத்துக்கு ஒரு வீச்சு என்று மேலே கொண்டுபோகிறோம். முழங்கால் குழி வருவதற்கு இரண்டு விரல் முன்பே அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். அந்தக் குழியில் தசை மெத்தை கிடையாது, ரத்தக்குழாயும் நரம்பும் தோலுக்கு அருகிலேயே ஓடுகின்றன. அக்குள், தொடை இடுக்கு, முழங்கையின் உள்மடிப்பு, கழுத்தின் முன்பக்கம் ஆகியவையும் இதே போன்ற இடங்கள்தான், அங்கே அழுத்திப் பிடிக்கவே கூடாது.

பிசைவது என்பது சப்பாத்தி மாவு பிசைவதல்ல. விரல் நுனிகளால் கிள்ளாமல், கட்டைவிரல் மேட்டுக்கும் நான்கு விரல்களுக்கும் நடுவில் தசையை அள்ளி, எலும்பிலிருந்து சற்றே தூக்கி, கசக்கி, விடுவதுதான் பிசைதல். அள்ள முடியாத இடத்தில் உள்ளங்கையை வைத்து வட்டமாக அழுத்தலாம். தோலோடு சேர்ந்து கை நகர்ந்தால் அடியில் இருக்கும் தசைக்கு வேலை நடக்கிறது. தோல் மீது கை சறுக்கினால் வெறும் தோல் மட்டுமே சூடாகிறது.

சேலத்தில் அதிகம் கைவைக்க வேண்டியிருக்கும் இடம் ஒன்று உண்டு. வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்கு வளையம் இணைப்பவரும், கல் பதிப்பவரும், பற்றவைக்கப் பொடி வைத்து ஊதுபவரும் நாள் முழுவதும் குனிந்தே இருக்கிறார்கள். மனிதத் தலை நாலரை, ஐந்து கிலோ எடை. அது முன்னால் சாயச் சாய, அதைப் பிடித்து நிறுத்தும் சுமை கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவில் மேடாகத் தெரியும் தசையில் ஏறுகிறது. அவர்களை ஒரு மேசைக்கு முன்னால் உட்கார வைத்து, இரண்டு தலையணை போட்டு, நெற்றியை அதன்மேல் சாய்க்கச் சொல்ல வேண்டும். முழங்கையும் மேசைமேல் இருக்க வேண்டும். கை தொங்கினால், அந்தக் கையின் எடையே தசையை இழுத்துக்கொண்டிருக்கும். பிடரியிலிருந்து தோள்முனை வரை ஏழெட்டு முறை நீவி, மூன்று நிமிடம் பிசைந்து, அதற்குப் பிறகு தேட வேண்டும்.

தேடுவது இப்படி. தசையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, இழையின் குறுக்காக உருட்டிப் பார்த்தால், மெத்தென்ற சதைக்குள் முறுக்கேறிய சணல் சரடு போல ஒன்று தட்டுப்படும். அந்தச் சரடைப் பின்தொடர்ந்து போனால் ஓரிடத்தில் பட்டாணி அளவு கட்டி. அதை அழுத்தியதும் வலி அங்கேயே நிற்காது, கழுத்துப் பக்கவாட்டில் ஏறி நெற்றிப்பொட்டு வரை போகும். "அட, தெனமும் வர்ற தலைவலி இதுதானுங்க" என்பார். அந்தச் சொல் வந்தால் இடம் சரி. இனி அழுத்தம். வலி இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து என்று வைத்து, ஐந்துக்கு வரும் வரை மெதுவாக ஏற்றி, அசையாமல் பிடிக்க வேண்டும். முப்பது முதல் அறுபது நொடிக்குள் ஐந்து இரண்டாகக் குறையும்; விரலுக்கடியில் கட்டி இளகுவதும் தெரியும். தொண்ணூறு நொடி ஆகியும் குறையவில்லை என்றால் இடம் தவறு, அல்லது அழுத்தம் கூடிவிட்டது. இப்படி மூன்று முறை, நடுவில் லேசாக நீவுதல். இதற்கு மேல் அதே இடத்தில் அன்றைக்கு நிற்கக் கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. விரல் முன்னால் வழுக்கிக் காறையெலும்பின் மேல் குழிக்குள் இறங்கிவிட்டால், அடியில் கைக்குப் போகும் நரம்புக் கற்றையும் நுரையீரலின் மேல்முனையும் இருக்கின்றன. விரல்களில் மதமதப்போ 'கரண்ட்' அடித்தது போன்ற உணர்வோ வந்தால் உடனே கையைப் பின்னுக்கு எடுத்துவிட வேண்டும். அது 'அடைப்பு திறக்கிறது' என்பதன் அடையாளமல்ல, நரம்பு நசுங்குகிறது என்பதன் அடையாளம்.

கட்டி இளகியதோடு எழுந்து போனால், மூன்றாம் நாள் மறுபடி அதே கட்டி. தலையை எதிர்ப்பக்கம் சாய்த்து முப்பது நொடி நீட்டிப் பிடிப்பது மூன்று முறை, பிறகு இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துத் தோளைக் காது நோக்கித் தூக்கி மெதுவாக இறக்குவது பத்துப் பன்னிரண்டு முறை, அரைமணிக்கு ஒரு தடவை பட்டறைப் பலகையிலிருந்து எழுவது. கை திறந்துவிட்ட வழியில் தசை நடந்து பழக வேண்டும். பலகையின் உயரத்தைக் கூட்டி, வேலை கண்ணுக்கு அருகில் வரும்படி செய்வது இவை எல்லாவற்றையும்விட நீடித்த மருத்துவம் என்பது எங்கள் கருத்து.

இனி, அதிகம் தவறாகச் செய்யப்படும் முறைக்கு வருவோம். தசைநாணுக்கும் இணைப்பு நாருக்கும் ஆழ்ந்த குறுக்குத் தேய்ப்பு என்ற ஒரு முறை உண்டு. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ஜேம்ஸ் சிரியாக்ஸ் அதை ஒழுங்குபடுத்தினார். முழங்கையின் வெளிப்புற வலிக்கு டென்னிஸ் எல்போ என்று பெயர். டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காத நம்மூர்த் தறிக்காரர்களுக்கும், சுத்தியல் பிடிக்கும் பட்டறைக்காரர்களுக்கும் அது வருகிறது.

செய்முறை இது. முழங்கையைத் தொண்ணூறு பாகை மடக்கி, உள்ளங்கை மேலே பார்க்க, கையைத் தலையணையில் வைக்க வேண்டும். முழங்கையின் வெளிப்புறம் குமிழ் போல எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். அதன் உச்சியிலிருந்து கட்டைவிரலைச் சற்று முன்னால் இறக்கினால், தொட்டவுடனே சுளீர் என்று ஒரு புள்ளி. மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாக வளைக்கச் சொல்லி நாம் தடுத்தால் அதே வலி வர வேண்டும். வராவிட்டால் நோய் வேறு, கழுத்திலிருந்துகூட அந்த வலி இறங்கலாம். புள்ளி சரியென்றால் எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது. வியர்வை இருந்தால் துடைத்துவிட வேண்டும். கட்டைவிரல் நுனியின் சதைப்பற்று அந்தப் புள்ளியில், மற்ற நான்கு விரல்கள் முழங்கையின் உள்பக்கத்தில் எதிர்ப்பிடியாக. தசைநாணின் இழை ஓடும் திசைக்குக் குறுக்கே, கட்டைவிரலும் தோலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போக வேண்டும். இழுக்கும்போது அழுத்தம், திரும்பும்போது தளர்வு. வீச்சின் நீளம் தசைநாணின் அகலம்தான், ஒரு விரல் அகலத்துக்குள் முடிந்துவிடும். முதல் ஓரிரு நிமிடம் வலிக்கும், அதன்பின் மரத்துப்போகும். மரத்த பிறகு பத்து நிமிடம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஆறிலிருந்து பன்னிரண்டு முறை.

இதில் என்ன கெடுகிறது? தோல் மீது விரல் சறுக்கினால் கொப்பளம். நாலு நிமிடம் ஆகியும் மரத்துப்போகாமல் வலி ஏறிக்கொண்டே போனால், அங்கே சூட்டழற்சி இருக்கிறது என்று பொருள், அன்றோடு நிறுத்த வேண்டும். தினமும் செய்தால் முந்தின நாள் நொந்த இடத்தையே மறுபடி நோகடிக்கிறோம். ஸ்டீராய்டு ஊசி போட்ட இடமென்றால், போட்ட மருத்துவர் சரி என்று சொல்லும் வரை அதில் கை வைக்கவே கூடாது. இழையின் நீளவாக்கில் உருவிவிடுவதைக் குறுக்குத் தேய்ப்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், இரண்டும் வேறு. நீவுபவரின் கட்டைவிரலும் கெடும்: நுனிக்கணு பின்னால் வளைய வளைய அழுத்தினால் நாளடைவில் அவருக்கே மூட்டு தேய்ந்துவிடும். கட்டைவிரலை நேராக வைத்து, மற்றக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும்.

தறியில் பாவு பிணைப்பவர்களுக்கும், நாள் முழுவதும் இழை அறுந்த இடத்தில் முடிச்சுப் போடுபவர்களுக்கும் கட்டைவிரல் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வரும் வலிக்கும் இதே முறைதான். ஒரே மாற்றம், அங்கே தசைநாண் ஓர் உறைக்குள் ஓடுவதால், கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து, நாணை இழுபட வைத்துத் தேய்க்க வேண்டும். தசையின் சதைப்பகுதி என்றால் இதற்கு நேர்மாறு, தளர்த்தி வைத்தே செய்ய வேண்டும்.

குறுக்குத் தேய்ப்பு மட்டுமே தசைநாண் நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆராய்ச்சிச் சான்று போதுமானதாக இல்லை. அது வலியை மரக்கச் செய்து, உடற்பயிற்சிக்கு இடம் கொடுக்கிறது. நாணை வலுவாக்குவது பயிற்சிதான். முழங்கையைப் பொறுத்தவரை அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மேசை விளிம்பில் மணிக்கட்டைத் தொங்கவிட்டு, மற்றக் கையால் தூக்கிக்கொடுத்து, மூன்று நான்கு நொடி எடுத்து மெதுவாக இறக்க வேண்டும். பதினைந்து தடவை, மூன்று சுற்று. இடுப்பு வலிக்கும் இதே கதைதான். மசாஜ் தரும் நிம்மதி உண்மையானது, ஆனால் குறுகிய காலத்துக்கு மட்டுமே. மாதக்கணக்கில் படுத்து நீவிக்கொண்டு மட்டும் வருபவருக்கு யாரோ செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

கை வைக்கவே கூடாத நேரங்களை இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், உயிர் போவது இங்கேதான்.

நெஞ்சிலோ, இடது தோளிலோ, முதுகின் மேல்பாகத்திலோ, தாடையிலோ திடீரென்று இறுக்கிப் பிடித்தது போன்ற வலி, கூடவே வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல். வீடுகளில் இதற்கு 'வாயுப் பிடிப்பு' என்று பெயர் வைத்து, பூண்டு நசுக்கிக் கொடுத்து, தைலம் போட்டு நீவிவிடுகிறார்கள். அது மாரடைப்பாக இருந்தால் நீவிய ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் இழப்பு. ஏற்காட்டு மலையில் இருப்பவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் பெரிய மருத்துவமனைக்கு வர வேண்டும். அரைமணி நேரம் தைலம் தேய்த்துப் பார்த்த பிறகு அந்த இறக்கத்தைத் தொடங்கக் கூடாது. முதல் வேலை 108-ஐ அழைப்பது.

ஒரு பக்க ஆடுசதை மட்டும் வீங்கி, சூடாகி, கனத்து வலித்தால், குறிப்பாக அறுவை சிகிச்சைக்குப் பின், பிரசவத்துக்குப் பின், மாவுக்கட்டுப் போட்ட காலில், நாள்கணக்கில் படுத்திருந்தவருக்கு, அது ஆழ்நாளத்தில் ரத்தம் கட்டியதாக இருக்கலாம். அதை நீவினால் கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போகும். தையற்கார நாடா ஒன்று போதும், சந்தேகத்தைக் கணிசமாகத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பில் ஒரு மேடு இருக்கும். அதிலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே இரண்டு காலையும் சுற்றி அளந்து, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய், நாளத்தில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். அளவு குறைவாக இருந்தும் மற்ற அறிகுறிகள் இருந்தால் அப்போதும் போகத்தான் வேண்டும்.

குழந்தை மாமரத்திலிருந்து விழுந்து முழங்கை வீங்கினால் எண்ணெய் போட்டு உருவக் கூடாது, இறுக்கி மூங்கில் தப்பை கட்டவும் கூடாது. அந்த வயதில் முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது மிகச் சாதாரணம். இறுகிய கட்டுக்குள் வீக்கம் ஏறினால் ரத்த ஓட்டம் நின்று, முன்கைத் தசைகள் செத்து, விரல்கள் கொக்கி போல மடங்கிப்போய்விடும். விரல் நீலம் பாரித்தாலோ, விரலை நிமிர்த்தும்போது குழந்தை அலறினாலோ, நேரம் மணிக்கணக்கில் எண்ணப்படுகிறது. அப்படி ஆகாமல் தப்பித்தாலும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை: முறிந்த முழங்கையையும், அடிபட்டு ரத்தம் கட்டிய தொடையையும் நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கும். மூன்று நான்கு வாரத்தில் எக்ஸ்ரேயில் தெரியும், அதற்குள் மூட்டு விறைத்துவிடும். 'நீவ நீவ விறைக்குதே, இன்னும் நல்லா நீவணும்' என்று தொடர்வது நெருப்பில் நெய் ஊற்றுவதுதான்.

சரிவில் காப்பிப் பழம் பறிக்கும்போது கணுக்கால் மடங்குவது ஏற்காட்டில் பறிப்புக் காலம் முழுக்க நடப்பது. சுளுக்கா முறிவா என்று பார்க்கக் கனடாவின் ஆட்டவா மருத்துவர்கள் 1992-இல் வகுத்த எளிய விதி உலகமெங்கும் பயன்படுகிறது. கணுக்காலின் இரு பக்கமும் துருத்தும் எலும்புகளின் பின்விளிம்பை, நுனியிலிருந்து ஆறு சென்டிமீட்டர் வரை விரலால் அழுத்திப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவில் துருத்தும் எலும்பையும், உட்பக்கம் பாத வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பையும் அழுத்துங்கள். எதிலாவது வலித்தாலோ, அடிபட்டவுடனும் பிறகு மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமல் போனாலோ எக்ஸ்ரே தேவை. எதுவுமில்லை என்றால் முதல் இரண்டு மூன்று நாள் நீவாமல், துணி சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம், கிரேப் பேண்டேஜ், காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தல். வீக்கம் வடியத் தொடங்கிய பிறகு, வெளிக் கணுவுக்குச் சற்று முன்னால் இருக்கும் நாரின் மேல் மெல்லக் குறுக்குத் தேய்ப்பு, சில நிமிடம். பிறகு பெருவிரலால் காற்றில் அ, ஆ எழுதுவது, வலி விட்டபின் ஒற்றைக்காலில் முப்பது நொடி நிற்பது. இந்தக் கடைசிப் பயிற்சியை விட்டவருக்கு அடுத்த பறிப்பிலும் அதே கால் மடங்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் உடம்பில் ஆழமாக அழுத்தினால் உள்ளே ரத்தம் கட்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர் வலியைச் சொல்ல மாட்டார், அவரிடம் 'வலிக்குதா' என்ற கேள்வியே செல்லாது. சிவந்து சூடாகிக் காய்ச்சலோடு வீங்கிய காலை நீவினால் கிருமி பரவும். எலும்பு தேய்ந்த மூதாட்டியின் முதுகில் உள்ளங்கை ஊன்றி அழுத்தினால் விலா எலும்பு முறியும். கழுத்தைச் 'சொடக்கு' எடுப்பதை நீவுபவர் செய்யவே கூடாது. இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, உட்காருமிடம் மரத்தாலோ அது அவசர அறுவை சிகிச்சைக்கான நோய். இரவில் தூங்கவிடாத வலி, காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல் ஆகியவையும் மருத்துவரிடம் போகச் சொல்பவை. முரட்டுத்தனமாக நீவிய மறுநாள் சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால், நசுங்கிய தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். அரிதாகத்தான் நேரும், ஆனால் காத்திருக்கக் கூடாது.

மெல்லிய கை எவ்வளவு சாதிக்கும் என்பதற்கும் இடம் கொடுக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்குகிறவர்களுக்கு, டென்மார்க்கின் எமில் வோடர் 1930-களில் வகுத்த நிணநீர் வடிப்பு முறையில், தோல் லேசாக இழுபடும் அளவுக்கு மேல் அழுத்தம் கிடையாது. நிணநீர்க் குழாய்கள் தோலுக்கு அடியிலேயே ஓடுகின்றன, பலமாக அழுத்தினால் மூடிக்கொள்ளும். முதலில் கழுத்தையும் அக்குள் ஓரத்தையும் திறந்துவிட்டு, பிறகு மேல்கை, பிறகுதான் முன்கை. பிறகு கட்டு. பட்டறையில் தீக்காயம் பட்டவர்களின் தழும்புக்கும் அவசரம் கூடாது. புண் முழுக்க மூடித் தோல் வந்த பிறகு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஐந்து நிமிடம், தழும்பு வெளிறும் அளவுக்கு மட்டும் அழுத்தி, வட்டமாகவும் குறுக்காகவும் நகர்த்தி, கடைசியில் விரல்களுக்கு இடையில் எடுத்துத் தூக்க வேண்டும். வாரங்கள் பிடிக்கும். இதை வீட்டில் உள்ளவர்களே கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொள்ளவும் வேண்டும்.

பேருந்து நிலையத்தைச் சுற்றிலும் 'வலி நிவாரண மசாஜ்' பலகைகள் பெருகிவிட்டன. உள்ளே போகுமுன் மக்கள் கேட்க வேண்டியவை இரண்டு: என்ன படித்திருக்கிறீர்கள், எனக்கு என்ன கோளாறு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இயன்முறை மருத்துவம் உள்ளிட்ட தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது. கேள்வி கேட்பது உரிமை. நோயாளியை ஐந்து நிமிடமாவது விசாரித்து, அசைத்துப் பார்த்து, சாப்பிடும் மாத்திரைகளைக் கேட்காமல் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும் கை, பட்டம் பெற்ற கையாகவே இருந்தாலும், நம்பத்தக்கதல்ல. பரம்பரையாகச் சுளுக்கெடுப்பவர்களை இழிவாகப் பேசுவது எங்கள் நோக்கமில்லை. அவர்களில் பலரின் விரலறிவு பெரியது. நாடா அளவும் ஆட்டவா விதியும் அவர்கள் கைக்கும் போய்ச் சேர வேண்டும் என்றே விரும்புகிறோம்.

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவமும் அடங்கும் என்பது நம் மாவட்டத்தில் பலருக்குத் தெரியாது. படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டில் இருந்தால், அந்தப் பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு கோரிக்கை. காப்பிப் பறிப்பு நடக்கும் மாதங்களில், வாரச் சந்தைக்கு மலை மக்கள் கூடும் நாளில் ஏற்காட்டிலும், தறிக்கு விடுமுறை விடும் நாளில் அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளைப் பகுதிகளிலும் ஓர் இயன்முறை மருத்துவரை அரைநாள் உட்கார வைக்க வேண்டும். பெரிய செலவில்லை: ஒரு மேசை, இரண்டு நாற்காலி, இரண்டு தலையணை, ஓர் அளவு நாடா, கைகழுவத் தண்ணீர்.

இப்படிக்கு,
சேலத்தில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர்கள் சிலர்